கிட்டிக் கொடுமையை அம்பலமாக்கிய வணிகர்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற டிரங்க் ரோட்டில் சிங்கப்பெருமாள் கோவிலை அறியாதவர்கள் இல்லை. அங்கே பாடலாத்ரி என்னும் சிறு குன்றைக் குடைந்து அமைத்த குகையில் நரசிம்மப் பெருமாள் வீற்றிருக்கிறார். பட்டர் தீபத்தைக் காட்டி, திருநாமத்தைச் சற்றே விலக்குவார். பெருமாளின் நெற்றிக் கண் தெரியும். மறைந்திருக்கும் அந்தக் கண்ணைத் தரிசிப்பதற்கென்றே தூர ஊர்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள்.

அந்த நரசிம்மரின் பெயரைத் தாங்கிய ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பட்டணத்தில் வாழ்ந்தார். அவர் உத்தியோகஸ்தர் அல்லர், வக்கீலும் அல்லர். எந்தச் சர்க்காரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனாலும் சர்க்கார் காரியங்கள் எப்படி நடக்கின்றன என்று விசாரிப்பதையும், விசாரித்து அறிந்ததை ஊரறியச் செய்வதையும் தம் வேலையாக ஏற்றுக்கொண்டார். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்பது அவர் பெயர். லஞ்சத்தையும் அதிகார அட்டகாசத்தையும் எதிர்த்துத் தமிழ்நாட்டில் உழைத்தவர்களின் வரிசையை எழுதப் புகுந்தால், முதல் ஏட்டிலேயே இடம் பெற வேண்டியவர் அவர்.

தாசில்தார் கையில் மூன்று அதிகாரம்

அவர் செய்த காரியத்தின் பெருமை விளங்க வேண்டுமானால், அன்றைய கிராமத்தின் நிலைமை முதலில் தெரிய வேண்டும்.

செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாபு 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பிறகு சிறிது சிறிதாகத் தென்னாடு முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. பல ஜில்லாக்களில் ரயத்துவாரி முறை ஏற்பட்டது. நடுவில் ஜமீன்தார் இல்லை. ஒவ்வொரு குடியானவனும் தன் நிலத்துக்கு நேரே சர்க்காருக்குக் கிஸ்தி கட்ட வேண்டும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் தீர்வை மிக அதிகம். மழை பொய்த்தாலும் கிஸ்தி பொய்க்கக் கூடாது.

கிஸ்தி வசூலித்தவர் தாசில்தார். 1816-ல் வந்த சட்டங்களால் போலீசும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. சிறு குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. பணம் கேட்பவரும் அவரே, பிடித்து வைப்பவரும் அவரே, பிராது கேட்பவரும் அவரே! அவருக்குக் கீழே வேலை பார்த்த சேவகர்களுக்கோ சம்பளம் சொற்பம். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது மேலே இருந்தவர்களுக்கும் தெரியும். மீதியை அவர்கள் எங்கே தேடிக்கொள்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிஸ்தி பாக்கி என்று குடியானவனைக் கச்சேரிக்கு இழுத்து வருவார்கள். உச்சி வெயிலில் நிறுத்துவார்கள். முதுகில் கல்லை ஏற்றுவார்கள். விரல்களை மரக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பதற்குக் கிட்டி என்று பெயர். கழுத்தையும் கால் விரல்களையும் கயிற்றாலோ அவனுடைய மேல் துணியாலோ பிணைத்து, நிமிர முடியாதபடி மணிக் கணக்கில் குனிய வைப்பதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். இவையெல்லாம் சர்க்கார் பாக்கிக்காக மட்டும் நடக்கவில்லை. மாமூல் கொடுக்காதவனுக்கும் இதே கதிதான்.

அவன் யாரிடம் போய் முறையிடுவான்? கலெக்டர் துரை ஜில்லாத் தலைநகரில் இருப்பார். நாலைந்து நாள் நடந்து போய் மனுக் கொடுத்தாலும், அந்த மனு விசாரணைக்காக அதே தாசில்தாரிடம் திரும்பி வந்து விடும். அதற்குப் பிறகு மனுதாரன் ஊரில் எப்படிப் பிழைப்பான்? ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்பதே புத்திசாலித்தனம் என்று ஜனங்கள் எண்ணியதில் வியப்பில்லை.

அவுரி வியாபாரியின் மகன்

லட்சுமிநரசு செட்டியார் 1806-ல் சென்னையில் பிறந்தார். தந்தையார் சித்துலு செட்டி, துணியும் அவுரியும் வியாபாரம் செய்த செல்வர். மகனுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் கிடைக்கவில்லை. ஆனாலும் இங்கிலீஷைத் தேடிப் படித்துக்கொண்டார். நண்பர்களோடு கூடி ராஜ்ய விஷயங்களை விவாதிப்பதில் இளமையிலேயே பற்றுக் கொண்டார். தந்தையின் தொழிலில் இறங்கி, அதை மேலும் பெருக்கினார். வியாபாரத்தோடு நின்றிருந்தால் பட்டணத்துப் பெரும் பணக்காரர்களில் ஒருவராக, எந்தத் தொந்தரவும் இல்லாமல் காலத்தைக் கழித்திருக்கலாம்.

அவர் அப்படி நிற்கவில்லை. 1844 அக்டோபர் 2-ந் தேதி, பிறை என்று பொருள்படும் ‘கிரசண்ட்’ என்ற இங்கிலீஷ் பத்திரிகையை ஆரம்பித்தார். எட்வர்டு ஹார்லி என்ற வெள்ளைக்காரரை ஆசிரியராக அமர்த்தினார். பாதிரிமார்களுக்குச் சர்க்கார் காட்டிய சலுகைகளைக் கண்டிப்பது அந்தப் பத்திரிகையின் முதல் வேலையாக இருந்தது. நாளடைவில் குடியானவர்களின் குறைகளும் அதில் ஏறின.

சர்க்காருக்கு இது ரசிக்கவில்லை. பத்திரிகை தொடங்குவதைப் பற்றிய விளம்பரத்தைக் கூட அரசாங்கக் கெஜட்டில் வெளியிட மறுத்து விட்டார்கள். செட்டியாரை ஆபத்தான ஆசாமி என்று கருதி, அவருடைய நடமாட்டங்களைக் கவனித்து வந்தார்கள். அவரோ பணத்தையும் நேரத்தையும் முன்னிலும் அதிகமாகச் செலவிட்டார்.

லண்டனுக்குப் போன மகஜர்

கம்பெனியின் ஆட்சி உரிமைச் சாசனத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்லிமெண்ட் புதுப்பிப்பது அக்கால வழக்கம். 1853-ல் அந்தத் தவணை வந்தது. நம் குறைகளைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்பதைச் செட்டியார் உணர்ந்தார். 1852-ல் சென்னை நேட்டிவ் அசோசியேஷன் என்னும் சங்கத்தை நிறுவினார். முதலில் அது கல்கத்தாவில் இருந்த சங்கத்தின் கிளையாகத்தான் தொடங்கியது. ஆனால் கல்கத்தாக்காரர்களின் குறைகள் வேறு, தென்னாட்டுக் குடியானவனின் குறைகள் வேறு. அங்கே ஜமீன்தாரி, இங்கே ரயத்துவாரி. ஆகவே சில மாதங்களிலேயே சென்னைச் சங்கம் தனியாகப் பிரிந்து கொண்டது.

அந்த ஆண்டு முடிவதற்குள் பார்லிமெண்டுக்கு ஒரு நீண்ட மகஜர் தயாராயிற்று. வரிச் சுமை, வசூல் செய்யும் சிப்பந்திகளின் கொடுமை, கோர்ட்டுகளின் தாமதம், கல்விக்குச் செலவிடும் தொகையின் சொற்பம் ஆகிய குறைகள் அதில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லப்பட்டிருந்தன. இந்தியச் சீர்திருத்தத்தில் அக்கறை கொண்ட ஹென்றி டான்பி சீமூர் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் அதைக் கவனித்தார். ஏட்டில் படித்ததோடு திருப்தி அடையாமல், 1853-ல் தாமே சென்னைக்குக் கப்பலேறி வந்தார்.

இங்கேதான் செட்டியாரின் உழைப்பு பலித்தது. வந்த விருந்தினரைக் கவர்னர் மாளிகை விருந்துகளோடு திருப்பி அனுப்பி விடாமல், கிராமங்களின் பக்கம் திருப்பினார். குடியானவர்களைச் சீமூர் நேரில் சந்தித்தார். அவர்கள் பட்ட பாடுகளைக் கேட்டறிந்தார். யார், எந்த ஊர், எவ்வளவு பாக்கி, யார் அடித்தது என்று விவரங்கள் சேர்ந்தன. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் ஒரு வரி கூடக் காணாத செய்திகள் அவை.

1,959 பிராதுகள்

1854 ஜூலையில், லண்டன் பார்லிமெண்டில் சென்னை ராஜதானியின் நில வரி பற்றிய விவாதம் வந்தது. வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறது என்று சீமூர் எழுந்து சொன்னார். கம்பெனியின் கட்சிக்காரர்கள் திடுக்கிட்டார்கள். அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். மறுப்பு எத்தனை பலமாக இருந்ததோ, அத்தனை பலமாக விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. கடைசியில் விசாரணைக்கு உத்தரவாயிற்று. எலியட், ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட கமிஷன் அதே ஆண்டில் சென்னையில் அமைக்கப்பட்டது.

கொடுமைக்கு ஆளானவர்கள் நேரில் வரலாம், அல்லது எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். கொடுத்த அவகாசமோ குறைவு. தென்னாட்டில் ரயில் ஓடத் தொடங்கியதே 1856-ல்தான். வழிச் செலவுக்கு யாரும் காசு தரவில்லை. ஊர் திரும்பினால் தாசில்தார் என்ன செய்வாரோ என்ற பயம் வேறு. இத்தனையையும் மீறி 519 பேர் நேரில் வந்து நின்றார்கள். 1,440 பேர் எழுதி அனுப்பினார்கள். மொத்தம் 1,959 பிராதுகள்! அதுவரை வாயைத் திறக்காதவர்கள், கேட்பதற்கு ஒரு செவி இருக்கிறது என்று தெரிந்ததும் திறந்து விட்டார்கள்.

1855 ஏப்ரலில் அறிக்கை வெளிவந்தது. வரி வசூலுக்காகவும் லஞ்சத்துக்காகவும் சித்திரவதை பரவலாக நடந்து வந்தது உண்மைதான் என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. பல சந்தர்ப்பங்களில் அது மிகச் சிறு தொகைகளுக்காக நடந்தது என்பதும் தெரிய வந்தது. பார்லிமெண்டில் மறுத்தவர்களுக்குப் பதில் சர்க்கார் அச்சிலேயே கிடைத்து விட்டது.

ஆனால் அறிக்கையில் ஒரு குறை உண்டு. பழி முழுவதும் சுதேசிச் சிப்பந்திகளின் தலையில் விழுந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று கமிஷன் தீர்த்துச் சொல்லி விட்டது. இவ்வளவு வசூலாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கியவர் யார்? சேவகனுக்கு அரை வயிற்றுச் சம்பளம் நிர்ணயித்தவர் யார்? வந்த மனுவைத் தாசில்தாரிடமே திருப்பி அனுப்பியவர் யார்? இந்தக் கேள்விகளைக் கமிஷன் கேட்க வேண்டிய அளவுக்குக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857-ல், லண்டனில் இருந்த காரல் மார்க்ஸ் இதே அறிக்கையை எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அளித்த அந்த விடுதலையை அறிக்கையின் சாட்சியங்களைக் கொண்டே கேள்விக்கு உள்ளாக்கினார்.

குறையோடு வந்த அறிக்கை என்றாலும், அது அலமாரியில் தூங்கவில்லை. 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் பிறந்தது. போலீசுக்குத் தனி இலாகாவும் தனித் தலைமையும் ஏற்பட்டன. அந்த மாறுதலுக்கு இந்த அறிக்கை ஒரு முக்கிய காரணம். வரி கேட்கிறவரின் கையிலிருந்து போலீசை எடுத்தது அந்தச் சட்டம்தான்.

செலவழிந்த செல்வம்

செட்டியார் அதோடு ஓயவில்லை. கம்பெனி ஆட்சியே போக வேண்டும், இந்தியாவை ராணியின் சர்க்கார் நேரே ஏற்க வேண்டும் என்று சங்கம் மேலும் மகஜர்களை அனுப்பியது. 1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்தது. ஒரு காலத்தில் அவரை வேவு பார்த்த சர்க்கார், பிறகு அவருக்குப் பட்டம் கொடுத்தது. 1863-ல் சென்னைச் சட்டசபையில் ஸ்தானமும் கொடுத்தது.

பட்டம் வந்த வேளையில் பணம் போய் விட்டிருந்தது. பத்திரிகையும், சங்கமும், மகஜர்களும், லண்டன் காரியங்களும் சேர்ந்து அவருடைய ஆஸ்தியைக் கரைத்து விட்டன. அவர் தூங்கிய நேரத்தில் யாரும் திருடிக்கொண்டு போன செல்வம் அல்ல அது; விழித்திருந்து, தெரிந்தே செலவழித்த செல்வம். 1868-ல் வறுமையில் அவர் காலமானார்.

இன்று நம் கையில் இருப்பது

தமிழ்நாட்டில் தகவல் பெறும் உரிமைக்கு 1997-லேயே ஒரு சட்டம் வந்தது. இந்தியா முழுவதற்குமான சட்டம் 2005-ல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதினால், முப்பது நாட்களுக்குள் பதில் சொல்ல அலுவலகம் கடமைப்பட்டிருக்கிறது. பட்டா மாறுதல் மனு எந்த மேஜையில் நிற்கிறது, ஏரி தூர் வாரிய கணக்கு என்ன, ரோடு போட்டதாக எழுதிய தொகை எவ்வளவு என்று சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பஸ்தர் கேட்கலாம். கேட்ட பதில் எப்போதும் ஒழுங்காக வருகிறது என்று சொல்வதற்கில்லை. கேட்டவர்கள் தொல்லைக்கு ஆளான செய்திகளும் உண்டு. ஆனாலும் கேட்பது உரிமை என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

லட்சுமிநரசு செட்டியாரின் காலத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அவர் கையில் இருந்தவை ஒரு பத்திரிகை, ஒரு சங்கம், குடியானவர்களிடம் கேட்டறிந்த விவரங்கள், இவ்வளவுதான். ஆவேசமாக ஏசியிருந்தால் லண்டனில் எவரும் செவி கொடுத்திருக்க மாட்டார்கள். ஊர், பேர், தொகை என்று விவரம் சொன்னதால்தான் மறுத்தவர்களின் வாய் அடைத்தது. லஞ்சத்தையும் அக்கிரமத்தையும் எதிர்க்க விரும்புகிறவர்கள் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே: கோபம் ஒரு நாளில் ஆறி விடும், தேதியோடும் தொகையோடும் எழுதி வைத்த பிராதுக்கு என்றாவது ஒரு நாள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.