பழத்தின் மேல் பழி

ஆறங்குல மனிதர் வாழும் லில்லிபுட் தீவை அறியாத மாணவர் நம்மில் இரார். அத்தீவைப் படைத்த ஜோனதன் ஸ்விஃப்ட், தம் வாழ்வில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தலைசுற்றலோடு போராடியவர் என்பதைச் சிலரே அறிவர்.

ஸ்விஃப்ட் 1667 நவம்பர் 30-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். அவர் பிறக்குமுன்பே தந்தை இறந்துவிட்டார். பெரியப்பாவின் ஆதரவில் படித்து டிரினிட்டிக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1689-இல் இங்கிலாந்து சென்று, சர் வில்லியம் டெம்பிள் என்ற அரசியல் அறிஞரிடம் செயலாளராக அமர்ந்தார். நம் வயதுதான் அப்போது அவருக்கு. அங்கேதான் நோய் அவரைப் பிடித்தது. நின்றால் நிலம் சுழலும், வயிற்றைப் புரட்டும். சில ஆண்டுகள் கழித்துக் காதும் மந்தமாயிற்று.

காரணத்தை அவரே முடிவு கட்டினார். ரிச்மண்டில் ஒரே மூச்சில் நூறு ஆப்பிள் தின்றதால் தலைசுற்றல். வெளியில் இருக்கை அமைத்து அதில் படித்தும் உறங்கியும் வந்ததால் செவிட்டுத்தன்மை. நோய் இரண்டு, காரணமும் இரண்டு! 1727-இல் ஹோவர்டு சீமாட்டிக்கு எழுதிய கடிதத்திலும் இதையே வேடிக்கையாகச் சொன்னார்.

பழம் அவருக்கு உயிர். ஆயினும் அஞ்சி விலகினார். 1710 முதல் 1713 வரை இலண்டனிலிருந்து எஸ்தர் ஜான்சனுக்கு எழுதிய கடிதங்களில், மயக்கம் வந்த நாள், விழுங்கிய மருந்து, நடந்த தூரம் எல்லாம் காண்கிறோம். பிறர் திராட்சை தின்பதைக் கண்டு பொறாமைப்பட்டதையும் ஒளிக்காமல் எழுதினார். பழத்தை ஒதுக்கியும் தலைசுற்றல் நிற்கவில்லை. பழி மட்டும் பழத்தின் மேலேயே நின்றது. அளவு மீறிப் பழம் தின்னாத சிறுவன் உண்டா, அவர்களுக்கெல்லாம் இந்நோய் வந்ததா என்று பிற்காலத்தில் சாமுவேல் ஜான்சன் ஐயுற்றார். நியாயமான ஐயம்!

இத்துன்பத்தின் நடுவேதான் அவர் 1713-இல் டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தின் டீன் ஆனார். 1724-இல் அயர்லாந்து மக்களுக்காகப் பேனா பிடித்து, அரசு திணித்த செப்பு நாணயத்தை விரட்டினார். 1726-இல் கலிவரை வெளியிட்டார். மறு ஆண்டு, கவிஞர் போப்பின் விருந்தினராக இருந்தபோது நோய் முற்றியது. பிறர் பேச்சுக் காதில் விழாத நிலையில், நண்பருக்குச் சுமையாக இருக்க மனமின்றி அவ்வீட்டை விட்டே வெளியேறினார். முதுமையில் நினைவு தளர்ந்தது. 1745 அக்டோபர் 19-இல் மறைந்தார். தம் செல்வத்தை மனநோயாளர் மருத்துவமனைக்கு எழுதி வைத்திருந்தார்; 1757-இல் அது திறக்கப்பட்டது.

1861-இல் பாரிஸ் மருத்துவர் மெனியேர், இத்தகைய தலைசுற்றலின் இருப்பிடம் உட்செவி என்று காட்டினார். உடலின் சமநிலையைக் காப்பதும் கேட்பதும் அங்கேயே நடைபெறுவதால், இரண்டும் சேர்ந்து கெடுகின்றன. 1882-இல் பக்னில் என்ற மருத்துவர் ஸ்விஃப்டின் குறிப்புகளைப் படித்து, அவருடைய நோயும் அதுவே என்றார். இரண்டு நோயல்ல, ஒன்றே! நோயாளி உண்மையாக எழுதி வைத்ததால், இறந்து 137 ஆண்டுகளுக்குப் பின்னும் நோயை அறிய முடிந்தது.

இன்றும் இந்நோயாளிகளிடம் உப்பைக் குறைக்கவும், காப்பி, மது ஆகியவற்றில் கவனமாக இருக்கவும் மருத்துவர் சொல்வதுண்டு. ஆனால் அதற்குரிய சான்று இன்னும் வலுவாக இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. ஆகவே கணக்கு எழுதத்தான் வேண்டும். தின்று நோய் வந்த நாளோடு, தின்றும் வராத நாளையும் தின்னாமலே வந்த நாளையும் சேர்த்து எழுத வேண்டும். ஸ்விஃப்டின் தீர்ப்பு இந்தச் சோதனையைக் கடக்கவில்லை.

ஊரை விட்டு வந்து விடுதியில் உண்ணும் நாமும், தலைவலி என்றால் கடுகெண்ணெயையும் வயிற்றுவலி என்றால் சப்பாத்தியையும் உடனே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். தண்டனை கொடுக்குமுன் பத்து நாள் குறிப்பெழுதிப் பார்ப்போமே!