'எக்ஸ்ப்ளெய்ன் மீ' ஏன் தப்பு? ஹார்ன்பி வாத்தியார் கதை

பிராஜெக்ட் ரிவ்யூ நடக்குது. ஒரு இடத்துல உங்களுக்குச் சந்தேகம். கையைத் தூக்கி, 'சார், ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் மீ திஸ் சர்க்யூட்' என்று கேட்கிறீர்கள். பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு. 'எக்ஸ்ப்ளெய்ன் டு மீ' என்று யாரோ திருத்துகிறார்கள். அதோட உங்க சந்தேகம் போயே போச்சு. அந்த செமஸ்டர் முழுக்க நீங்க வாயைத் திறக்கவே இல்லை.

ஆனால் ராத்திரி படுத்தபின் ஒரு கேள்வி குடையும். 'கிவ் மீ தி புக்' சரி. 'ஷோ மீ தி சர்க்யூட்' சரி. 'டெல் மீ தி ஆன்சர்' சரி. எக்ஸ்ப்ளெய்ன் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: அது அப்படித்தான்.

இந்த 'அது அப்படித்தான்' பதிலோடு நிற்காமல், பல வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு வாத்தியாரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பேரு ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி. உங்க வீட்டு அலமாரியிலோ நம்ம லைப்ரரியிலோ இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரிக்கு முதல் விதை போட்டவர் இவர்தான்.

1898-ல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். முதல் உலகப்போரில் கடற்படையில் வேலை. பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படிப்பு. 1924-ல் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். கியூஷூ தீவில் ஓய்டா என்ற ஊர்; அங்கே ஒரு வணிகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தும் வேலை.

போய்ப் பார்த்தால், பசங்களுக்கு வேண்டியது இலக்கியம் இல்லை, மொழி. வார்த்தை தெரிந்தாலும் அதை வைத்து வாக்கியம் கட்ட வரவில்லை. நம்ம கதைதானே? டிக்‌ஷனரியைப் புரட்டினால் பொருள் இருக்கும். மிஞ்சிப் போனால் செயப்படுபொருள் குன்றிய வினையா, குன்றா வினையா என்று ஒரு குறிப்பு. அந்த வினைக்குப் பின்னால் என்ன வரும், எந்த வரிசையில் வரும் என்று இருக்காது. காரணம் சுலபம். அந்த டிக்‌ஷனரிகள் ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டவை. தாய்ப்பாலோடு கற்றவனுக்கு அதை யார் சொல்லித் தர வேண்டும்?

அப்போது டோக்கியோவில் ஹரால்ட் பால்மர் என்ற இன்னொரு ஆங்கிலேயர் இருந்தார். 1923-ல் தொடங்கிய ஆங்கிலப் பயிற்று ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர். ஆங்கில வாக்கியங்களை அச்சு அச்சாகப் பிரித்து அடுக்கும் வேலையை முதலில் ஆரம்பித்தவர் அவர்தான். ஹார்ன்பி அவரோடு சேர்ந்தார். 1936-ல் பால்மர் ஜப்பானை விட்டுப் போனபின் ஆராய்ச்சிப் பொறுப்பு ஹார்ன்பியின் தலையில் வந்தது.

இப்போ கொஞ்சம் நம்ம பக்கம் வருவோம். 'எனக்கு அந்த ஃபைலை அனுப்பு'. 'அந்த ஃபைலை எனக்கு அனுப்பு'. 'அனுப்பு எனக்கு அந்த ஃபைலை'. எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறவில்லை. ஸ்கூலில் மனப்பாடம் பண்ணிய வேற்றுமை உருபுதான் காரணம். 'கு' வந்தால் வாங்குகிற ஆள். 'ஐ' வந்தால் போகிற பொருள். கோடிங் பாஷையில் சொன்னால், தமிழ் கீவேர்டு ஆர்க்யுமென்ட் வைத்து ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. 'சென்ட் மீ தி ஃபைல்': முதலில் ஆள், அடுத்து பொருள். 'சென்ட் தி ஃபைல் மீ' என்றால் எரர். பொருளை முன்னால் போட்டால் நடுவில் ஒரு 'டு' வேண்டும். அதாவது பொசிஷனல் ஆர்க்யுமென்ட். இடம்தான் பொருளைச் சொல்கிறது.

இன்னொரு வம்பும் இருக்கு. 'கால் மீ எ டாக்ஸி' என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு ஒரு டாக்ஸி கூப்பிடு என்றும் எடுக்கலாம். என்னை டாக்ஸி என்று கூப்பிடு என்றும் எடுக்கலாம். பழைய ஜோக்தான். ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் பெரிது. வினை, பிரதிப்பெயர், பெயர்த்தொடர் என்று வெளியே ஒரே அச்சு. உள்ளே வயரிங் ரெண்டு. முதல் அர்த்தத்தில் 'மீ' வேறு, 'டாக்ஸி' வேறு. இரண்டாவதில் ரெண்டும் ஒன்று. தமிழில் 'எனக்கு', 'என்னை' என்று அந்த இடத்திலேயே பிரிந்துவிடும்.

சரி, எக்ஸ்ப்ளெய்ன்? ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொற்களான கிவ், டெல், ஷோ, சென்ட் போன்றவை ஆளை நேரடியாகப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும். லத்தீனிலிருந்து வந்த எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்க்ரைப், சஜெஸ்ட் போன்றவை பெரும்பாலும் 'டு' கேட்கும். அப்பாடா, ரூல் கிடைச்சுடுச்சுன்னு நினைக்காதீங்க. ப்ராமிஸும் லத்தீன் வழி வந்ததுதான். ஆனால் 'ப்ராமிஸ் மீ எ ட்ரீட்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆக, ஒரு பொது விதியைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியாகப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஹார்ன்பி அதைத்தான் செய்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இரண்டு ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆங்கில வினைகள் வரும் விதங்களை 25 பேட்டர்ன்களாகப் பிரித்தார். டிக்‌ஷனரியில் வினைக்குப் பக்கத்தில் அதன் பேட்டர்ன் எண். வார்த்தையைத் தேடும்போதே அதன் ஃபங்ஷன் சிக்னேச்சரும் கைக்கு வந்துவிடும். எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்றும் குறித்தார்.

வேலை முடிந்து நூல் வெளிவர வேண்டிய நேரத்தில் போர் வந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். ஜப்பானுக்கு பிரிட்டன் இப்போது எதிரி நாடு. ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டார். 1942-ல் கைதிகள் பரிமாற்றத்தில் நாட்டை விட்டு வெளியேறினார். 18 வருஷ வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அதே 1942-ல், போரின் நடுவில், டோக்கியோவின் கைடாகுஷா பதிப்பகம் அந்த டிக்‌ஷனரியை வெளியிட்டது. எதிரி நாட்டு மொழி. எழுதியவரும் எதிரி நாட்டுக்காரர். இருந்தும் புத்தகம் வந்தது.

ஹார்ன்பி பிரிட்டிஷ் கவுன்சில் வேலையில் ஈரான் போய், போர் முடிந்தபின் லண்டன் திரும்பினார். 1946-ல் ஆங்கில ஆசிரியர்களுக்காக ஒரு இதழைத் தொடங்கினார். அது இன்றும் வருகிறது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் அந்த ஜப்பான் பதிப்பையே போட்டோ எடுத்து மறுபடி அச்சிட்டது. புதிதாக அச்சுக் கோக்கவில்லை. அதன்பின் அது உலகம் முழுக்கப் போனது.

பணம் வந்தது. 1961-ல் அதை வைத்து ஒரு அறக்கட்டளை தொடங்கினார். பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் மேற்படிப்பு படிக்க இன்றும் அது உதவித்தொகை தருகிறது. மாணவர்கள் திணறியதால் பிறந்த புத்தகம்; அதன் வருமானம் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறவர்களுக்கே போனது. 1978-ல் காலமானார்.

அந்த எண்கள் இப்போதைய பதிப்பில் இல்லை. அதற்குப் பதில் 'கிவ் சம்படி சம்திங்', 'எக்ஸ்ப்ளெய்ன் சம்திங் டு சம்படி' என்று நேரடியாகவே போட்டிருக்கும். அடுத்த முறை ஒரு வினையைத் தேடும்போது பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிடாதீங்க. அந்தச் சின்ன வரியையும் படிங்க. நமக்காகவே எழுதின வரி அது.

அப்புறம் ஒண்ணு. பின் பெஞ்சில் சிரித்தவருக்கும் காரணம் தெரியாது, பழக்கம்தான் தெரியும். ஓய்டாவில் பசங்க தப்பு பண்ணினபோது ஹார்ன்பி சிரித்துவிட்டுப் போயிருந்தால் இந்தப் புத்தகமே இல்லை. அதனால் அடுத்த ரிவ்யூவிலும் கையைத் தூக்குங்க. கேள்வியைக் கேளுங்க. 'டு' போட மறந்தாலும் பரவாயில்லை.