கமாண்டன்ட் கான்சாகிபு

தூத்துக்குடிக் கரையின் வரலாறு கூறுவோர் போர்த்துக்கீசியரையும் ஒல்லாந்தரையும் மறவாது குறிப்பர். அவ்வொல்லாந்தரைப் பின்வாங்கச் செய்த தமிழ்மண்ணின் தளபதி முகம்மது யூசுப்கானை நாம் அத்துணை நினைப்பதில்லை.

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்தவர் இவர். மருதநாயகம் என்பது இயற்பெயர் என்பர். பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார். கும்பினிப் படையில் ஸ்ட்ரிங்கர் லாரன்சிடம் ஐரோப்பியப் போர்முறை பயின்றார். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது உணவுப் பொருள்களைக் காவலுடன் கொண்டு சேர்த்த திறம் இவரை உயர்த்தியது. கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார், பொற்பதக்கமும் பெற்றார். 1758-59இல் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவரும் இவரே.

1759இல் மதுரை, நெல்லைச் சீமைகள் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகையில் இவர் பொறுப்பில் வந்தன. அப்போது தூத்துக்குடி ஒல்லாந்தர் வசம் இருந்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அதனைப் பறித்த அவர்கள், முத்துக்குளிப்பின் ஆதாயத்தையும் அனுபவித்து வந்தனர். 1760இல் கொழும்பிலிருந்து படை வருவித்து, ஆழ்வார்திருநகரி வரை உட்புகுந்தனர். கான்சாகிபு படையுடன் வருவதறிந்து மீண்டும் தூத்துக்குடிக்கே திரும்பினர்.

மறுஆண்டு பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலும் இவரிடம் வீழ்ந்தது. இவரை விடுதலை வீரராகப் போற்றும் நாம் இதனை மறைக்க வேண்டுவதில்லை. அன்று அவர் கும்பினியின் வாளாகவே இருந்தார். ஆயினும் ஏரி குளங்களைச் செப்பனிட்டதும், மீனாட்சியம்மன் கோயில் நிலங்களை மீட்டளித்ததும் அதே கைகள்தாம்.

குத்தகையை 7 இலட்சமாக உயர்த்தித் தர முன்வந்தும் பயனில்லை. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலிக்கு அடங்கி நடக்குமாறு கும்பினி பணித்தது. தாம் வென்ற நாட்டில் நவாபின் ஏவலராக இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக்கொடி பறந்தது. அவ்வாண்டு முற்றுகை தோற்றது. 1764 ஜூன் 26இல் மேஜர் காம்பெல் தொடுத்த தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. வெளியிலிருந்து வெல்ல முடியாத கோட்டை உள்ளிருந்தே வீழ்ந்தது. உணவு அற்றுப்போன நிலையில், பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தும் திவான் சீனிவாசராவும் கூடிச் சதிசெய்தனர். அக்டோபர் 13இல் தொழுகை வேளையில் அவரைப் பிணித்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. அக்டோபர் 15இல் தூக்கிலிட்டனர்.

உடலைத் துண்டித்து ஊர்தோறும் அனுப்பியதாகவும், பாளையங்கோட்டைக்கு ஒரு பகுதி வந்ததாகவும் சொல்வர். மதுரை சம்மட்டிபுரத்தில் அடக்கவிடம் உள்ளது. நாட்டுப்புற மக்கள் பாடிவந்த ‘கான்சாகிபு சண்டை’யை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது.