கட்டங்களை உடைத்த டாக்டர்



நம்மில் நிறைய பேர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படக்கதை வரைவோம். ஸ்கேல் வைத்து ஆறு கட்டம் போடுவோம். ஆறும் ஒரே அளவு. ஆறிலும் ஆள் நின்னுக்கிட்டே பேசுவான். கதை நல்லாத்தான் இருக்கும். ஆனா படிக்கிறவங்க பாதியிலேயே மூடி வெச்சிடுவாங்க. இது ஏன் என்று யோசித்து, படக்கதையையே மாற்றிக் காட்டிய ஒருவரின் வாழ்க்கையைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். அவர் பெயர் ஒசாமு தெசுகா. ஜப்பான்காரர்.

இவர் 1928-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ஒசாகா பக்கத்தில் தொயொனாகா என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசில் ஒல்லியாக, சுருட்டை முடியோடு இருப்பார். பள்ளியில் எல்லாரும் கேலி செய்வார்கள். ஆனால் அவர் வரைந்த படங்களைப் பார்த்த பிறகு, கேலி செய்தவர்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் அப்பா ஒரு சின்ன புரொஜெக்டர் வைத்திருந்தார். அதில் சாப்ளின் படமும் டிஸ்னி படமும் ஓடும். அம்மா படக்கதைகளைக் குரல் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டுவார். பூச்சி என்றால் இவருக்கு உயிர். ஒரு வண்டின் பெயர் தன் பெயர் மாதிரியே இருந்ததால், பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் தன் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டார்!

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. மாணவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒளித்து வைத்துப் படம் வரைந்தார். 1945-இல் ஒசாகா மீது குண்டு மழை பொழிந்தது. இவர் அப்போது தொழிற்சாலையின் காவல் கோபுரத்தில் இருந்தார். பக்கத்திலேயே குண்டு விழுந்தும் எப்படியோ தப்பித்தார். கீழே எத்தனையோ பேர் செத்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்தவர் வாழ்நாள் முழுக்க உயிரின் அருமையைப் பற்றியே கதை எழுதினார்.

போர் முடிந்த மறு வருஷம், 1946-இல், சிறுவர் பத்திரிகையில் இவருடைய நான்கு கட்டத் தொடர் வந்தது. அப்போது வயசு 17. 1947-இல் புதிய புதையல் தீவு என்ற புத்தகம் வந்தது. கதைக்கு சகாய் ஷிச்சிமா, படத்துக்கு தெசுகா. அது 4 லட்சம் பிரதி விற்றது என்று சொல்வார்கள்.

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருந்தது? அதுவரை வந்த பல படக்கதைகளில் ஆட்கள் நாடக மேடையில் நிற்பது போலவே இருந்தார்கள். எல்லாக் கட்டத்திலும் தலை முதல் கால் வரை தெரியும். தெசுகா சினிமா பார்த்து வளர்ந்தவர் இல்லையா? கதையின் தொடக்கத்தில் ஒரு பையன் காரில் துறைமுகத்துக்குப் போகிறான். அவ்வளவுதான் விஷயம், ஒரே கட்டத்தில் முடித்திருக்கலாம். ஆனால் இவர் அதைப் பல கட்டமாகப் பிரித்தார். தூரத்தில் கார், பக்கத்தில் கார், ஓட்டுகிற பையன் என்று மாற்றி மாற்றிக் காட்டினார். காகிதத்தில் கார் நிஜமாகவே ஓடுவது போல இருந்தது.

நம்ம அம்மாபேட்டையில் தறி இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். சேலையில் உடல் ஒரு மாதிரி, கரை ஒரு மாதிரி, முந்தி ஒரு மாதிரி. உடல் முழுக்க முந்தி டிசைனே இருந்தால் முந்தி எப்படி எடுப்பாகத் தெரியும்? படக்கதையும் அப்படித்தான். அகலக் கட்டம் போட்டால் கண் மெதுவாகப் போகும். குறுகலான கட்டங்களை வரிசையாகப் போட்டால் கண் ஓடும். சின்னக் கட்டங்களுக்கு நடுவில் ஒரு பெரிய கட்டம் வந்தால் மனசு திக்கென்று நிற்கும். தெசுகா கட்டத்தைச் சாய்த்தும் போட்டார். அவருடைய ஆட்கள் சில சமயம் கட்டத்தின் கோட்டையே உடைத்துக்கொண்டு வருவார்கள்!

இவ்வளவும் அவர் மருத்துவம் படித்துக்கொண்டே செய்தது. டாக்டர் ஆவதா, ஓவியர் ஆவதா என்று குழம்பியபோது அம்மாவிடம் கேட்டார். எது உனக்கு ரொம்பப் பிடிக்குமோ அதையே செய் என்றார் அம்மா. போரில் எல்லாம் அழிந்துபோன நாட்டில், ஒரு டாக்டர் மகனிடம் அப்படிச் சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

1952-இல் வந்த ஆஸ்ட்ரோ பாய் இவரை உலகப் புகழ் ஆக்கியது. 1963-இல் அது டி.வி. தொடரும் ஆனது. ஆனால் 1973-இல் அவர் தொடங்கிய கார்ட்டூன் கம்பெனி திவாலானது. அவர் காலம் முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அதே வருஷம் ஒரு டாக்டரை நாயகனாக வைத்து பிளாக் ஜாக் தொடங்கினார். படித்த படிப்பு கைகொடுத்தது, மறுபடியும் எழுந்து நின்றார்.

நம் நாட்டுக் கதையையும் அவர் வரைந்திருக்கிறார் தெரியுமா? 1972 முதல் 1983 வரை புத்தரின் வாழ்க்கையைத் தொடராக வரைந்தார். அதன் தொடக்கத்தில், பசியால் விழுந்த முதியவருக்குக் கரடி மீன் தருகிறது, நரி பழம் தருகிறது. கொடுக்க ஒன்றும் கிடைக்காத முயல் தானே தீயில் குதிக்கிறது. வசனத்தை நம்பாமல் படங்களாலேயே அதைச் சொல்கிறார். முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியதும் இதே 1972-இல்தான். இரும்புக்கை மாயாவி படித்த அப்பா, மாமா யாராவது உங்கள் வீட்டிலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தெசுகா மொத்தம் சுமார் 700 கதைகள், 1,50,000 பக்கங்கள் வரைந்தார். 1989 பிப்ரவரி 9-ஆம் தேதி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயசு 60. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பென்சிலைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவர் வரைந்துகொண்டிருந்த மூன்று கதைகள் பாதியில் நிற்கின்றன. அவற்றின் கடைசிக் கட்டம் சின்னதா பெரிதா என்று இனி யாருக்கும் தெரியாது.

– 9-ஆம் வகுப்பு மாணவி