உத்தியோகத்தை விட்டெழுந்த இளைஞர்
நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947)

குருத்துவ அழைத்தல் பீடப் பணியாளர்களான சிறுவர்களுக்கே உரியது என்றும், படித்து உத்தியோகம் பெற்றபின் அதற்கு இடமில்லை என்றும் நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். ஆனால் மத்தேயு சுங்கத்துறையில் அமர்ந்திருந்தபோதே அழைக்கப்பட்டார். லொயோலா இஞ்ஞாசியார் முப்பது வயதைக் கடந்த பின்னரே பார்சலோனாவில் சிறுவர்களோடு சேர்ந்து இலத்தீன் படிக்கத் தொடங்கினார். நமது குடாநாட்டிலும், கையிற் கிடைத்த அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு ஆண்டவரைப் பின்சென்ற ஒருவர் இருந்தார். அவரே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

சுவாமிகள் 1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் திகதி மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் சுவாமிநாதபிள்ளையும் தங்கமுத்து அம்மையாரும். பிள்ளைக்கு வைத்திலிங்கம் எனப் பெயரிட்டனர். மகன் சிறுவனாயிருக்கும்போதே தகப்பனார் காலமானார். பின்னர் தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்னும் கத்தோலிக்கரை மறுமணம் செய்தார். தாயும் மகனும் திருமுழுக்குப் பெற்றனர். வைத்திலிங்கம் ஞானப்பிரகாசர் ஆனார். பிரபுத்துவ உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துத் துறவியான புனித ஞானப்பிரகாசியாரின் பெயர் அது. அப்பெயரின் பொருளை அவர் வாழ்ந்து காட்டும் நாள் பின்னால் வந்தது.

தம்பிமுத்துப்பிள்ளை புலமை மிக்கவர். அச்சுவேலியில் அச்சியந்திரசாலை நடத்தியவர். புத்தகங்களும் அச்செழுத்துக்களும் நிறைந்த அச்சூழலிலேயே சிறுவனின் தமிழறிவு வளர்ந்தது. ஆங்கிலமும் கற்று, 1893இல் புகையிரதப் பகுதி எழுதுவினைஞர் பரீட்சையிற் சித்தியடைந்து உத்தியோகம் பெற்றார். அக்காலத்தில் குடாநாட்டிற் புகையிரதப் பாதையே இல்லை. கொழும்போடு தொடுக்கும் பாதை 1905இல்தான் முழுமை பெற்றது. ஆகவே அந்த உத்தியோகம் ஊரை விட்டுத் தெற்கே போகவேண்டியதொன்று. ஆயினும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் சமூக மதிப்பும் உள்ள இடம் அது. அரசாங்க உத்தியோகம் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு எவ்வளவு பெரிய கனவு என்பதை நாம் அறிவோம்.

இரண்டொரு ஆண்டுகளே சென்றன. சுவாமிகள் அந்த வேலையைத் துறந்து, யாழ்ப்பாணத்துக் குருமடத்திற் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபது. சம்பளம் வாங்கிய கை மீண்டும் மாணவனின் ஏட்டைப் பிடித்தது. அமலமரித் தியாகிகள் சபையில் துறவியாகி, 1901ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி குருப்பட்டம் பெற்றார்.

குருவானபின் அவர் நல்லூரை மையமாகக் கொண்டு நெடுங்காலம் உழைத்தார். சைவத்தின் கோட்டையான அவ்வூரில், சைவ மரபை உள்ளிருந்து அறிந்த ஒருவரே நற்செய்தி கூற அனுப்பப்பட்டது கடவுளின் திட்டமன்றோ! கிராமங்கள்தோறும் சென்றார், பல ஆலயங்களை எழுப்பினார்.

ஓய்ந்த வேளைகளில் எழுதினார். சிங்களம், இலத்தீன், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் முதலிய பல மொழிகளைக் கற்று, பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தார். 1928இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில், வைபவமாலை கூறும் கதைகளைப் பிறநாட்டார் குறிப்புகளோடு ஒப்பிட்டு எது சரித்திரம், எது கற்பனை என்று பிரித்துக் காட்டினார். தமிழரின் பூர்வ சரித்திரமும் சமயமும் 1932இல் வெளிவந்தது.

அறுபது வயதைத் தாண்டியபின் இன்னொரு பெருஞ்சுமையை ஏற்றார். தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடி, பிறமொழிச் சொற்களோடு ஒப்புநோக்கும் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியின் முதற்பகுதியை 1938இல் வெளியிட்டார். பகுதி பகுதியாக அது வெளிவந்துகொண்டிருக்கையில், வேலை முற்றுப்பெறுமுன், 1947ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்த பெற்றோரே, வேலையில் அமர்ந்துவிட்ட மகன் ஒருநாள் வந்து, குருவாகப் போகிறேன் என்றால் வீட்டில் கண்ணீர் வருவது இயல்பு. பட்ட கடனும், கரைசேர வேண்டிய சகோதரிகளும் நினைவுக்கு வருவர். அவற்றைச் சிறிதென்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் மகன் கற்றதெல்லாம் வீணாயிற்று என்று மட்டும் எண்ணவேண்டாம். மானிப்பாயிற் பெற்ற சைவ அறிவையும், அச்சுவேலியிற் கற்ற தமிழையும், உத்தியோகத்துக்கெனப் படித்த ஆங்கிலத்தையும் ஆண்டவர் ஒன்றுவிடாமற் பயன்படுத்தினார். அந்த இளைஞர் புகையிரதப் பகுதியிலேயே இருந்திருந்தால், வீட்டுக்கு ஓர் ஓய்வூதியம் கிடைத்திருக்கும். நமது திருச்சபையும் தமிழும் ஒரு ஞானப்பிரகாசரை இழந்திருக்கும்.