78 வயதில் தனியாகப் பறந்த டாடா… ஒரே பாதையில் மூன்று முறை ஏன்?

கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பிங்கில் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். லண்டனில் படிக்கும் ஃப்ரெண்டுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினால், பஸ் வருவதற்குள் பதில் வந்துவிடும். இப்போ காலண்டரை அப்படியே 1932-க்குத் திருப்புங்க. லண்டனில் இருந்து விமானத்தில் வரும் தபால் கராச்சியோடு இறங்கிவிடும். அங்கிருந்து மெட்ராஸ் வந்து சேர ரயில்தான் கதி.

அந்த இடைவெளியை நிரப்பியவருக்கு அப்போ வயசு 28. பெயர், ஜே.ஆர்.டி. டாடா. டாடா குழுமத்தின் தலைவர், பாரத ரத்னா என்றெல்லாம் அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால், முதன்முதலில் பறந்த அதே வான்வழியில் அவர் இன்னும் இரண்டு முறை பறந்தார் என்பது தெரியுமா? கடைசி முறை பறந்தபோது அவருக்கு வயது 78!

பீச்சில் இறங்கிய ஆசை

1904 ஜூலை 29, பாரிஸில் பிறந்தார் ஜே.ஆர்.டி. அப்பா ரத்தன்ஜி தாதாபாய் டாடா, அம்மா சூசான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. கோடை விடுமுறைக்குக் குடும்பம் போவது ஹார்டெலோ என்ற கடற்கரை ஊருக்கு. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? 1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த லூயி பிளேரியோ! பீச் மணலிலேயே விமானங்கள் வந்து இறங்கும். அதை வாய் பிளந்து பார்த்த சிறுவன், 15 வயதில் ஒரு விமானத்தில் ஏறி ஒரு ரவுண்டும் போய்விட்டான். அதோட முடிஞ்சது… அந்த ஆசை அவரைக் கடைசி வரைக்கும் விடவே இல்லை.

1929 பிப்ரவரி 10-ம் தேதி அவர் கைக்கு பைலட் லைசென்ஸ் வந்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட லைசென்ஸ்களில் அதன் எண் 1.

அதே வருஷம் ஆகா கான் ஒரு போட்டி அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து முதலில் முடிக்கும் இந்தியருக்குப் பரிசு. அடுத்த வருஷம் ஜே.ஆர்.டி கராச்சியில் இருந்து கிளம்பினார். எதிர்த்திசையில் இங்கிலாந்தில் இருந்து வந்துகொண்டிருந்தார் ஆஸ்பி இன்ஜினீயர் என்ற டீன் ஏஜ் பையன். எகிப்தின் அபுகீரில் இருவரும் சந்தித்தபோது, ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார் ஆஸ்பி. தன்னிடம் இருந்த ஸ்பேரை எடுத்துக் கொடுத்துவிட்டார் ஜே.ஆர்.டி. சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தது ஆஸ்பிதான். அதே ஆஸ்பி 1960-ல் இந்திய விமானப்படையின் தளபதியானார். தோத்தாலும் மனுஷன் கெத்துதானே!

மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்

விமானத் தபால் என்ற ஐடியாவுடன் ஜே.ஆர்.டி-யிடம் வந்தவர் நெவில் வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப்படையில் பைலட்டாக இருந்தவர். 2 லட்சம் ரூபாய் முதலீடு, கையில் இரண்டு புஸ் மாத் விமானங்கள். துணி போர்த்திய உடம்பு, ஒரே ஒரு இன்ஜின். ரேடியோகூடக் கிடையாது. கீழே தெரியும் நிலத்தையும் மேப்பையும் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

1932 அக்டோபர் 15. காலையில் கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்தில் இருந்து தபால் மூட்டையுடன் கிளம்பினார் ஜே.ஆர்.டி. வழியில் அகமதாபாத்தில் இறங்கினால், பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து நின்றன! டேங்கை நிரப்பிக்கொண்டு மதியம் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகப் பறந்தவர் வின்சென்ட். மறுநாள் அது மெட்ராஸ் வந்து சேர்ந்தது. ஆக, இந்தியாவின் முதல் உள்நாட்டு விமான நிறுவனத்தின் முதல் பயணம் முடிந்தது நம்ம ஊரில்தான்.

அந்தக் குட்டி நிறுவனம்தான் 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8-ம் தேதி பம்பாயில் இருந்து லண்டனுக்கே பறந்தது. 1953-ல் அரசு அதை நாட்டுடைமை ஆக்கியபோது, ஜே.ஆர்.டி அதை விரும்பவில்லை. ஆனாலும் தலைவர் பொறுப்பை ஏற்று, 25 வருஷம் சம்பளம் வாங்காமல் உழைத்தார். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை அந்தப் பதவியில் இருந்து நீக்கியது. பெற்று வளர்த்த பிள்ளையின் வீட்டிலிருந்தே வெளியே போகச் சொன்ன மாதிரி!

மறுபடியும் அதே வழி

முதல் பயணத்தின் 30-வது ஆண்டான 1962-ல், அதே கராச்சி–பம்பாய் பாதையில் ஜே.ஆர்.டி பறந்து காட்டியிருந்தார். 1982-ல் 50-வது ஆண்டு. ஒரு மேடை, ஒரு மாலை, ஒரு தபால் தலை என்று விழாவை முடித்திருக்கலாம். பதவி பறிபோன கசப்பில் வீட்டிலேயே இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ லெப்பர்ட் மாத் என்ற பழைய ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். கராச்சி, அகமதாபாத், ஜூஹு… 78 வயதில், தனி ஆளாக!

எதற்கு இந்த ரிஸ்க்? இளைஞர்களிடம் நம்பிக்கை குறைந்து வருகிறது என்ற கவலை அவருக்கு இருந்தது. எத்தனை தடைகள் வந்தாலும், ஒரு வேலையை நம்மால் முடிந்த அளவு நன்றாகச் செய்வதில் தனி சந்தோஷம் இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்ட நினைத்தார். அதைப் பேசிக் காட்டாமல் பறந்தே காட்டிவிட்டார்.

1993 நவம்பர் 29, ஜெனீவாவில் ஜே.ஆர்.டி காலமானார். அந்தப் பாதை அவரோடு முடிந்துவிடவில்லை. 2021 அக்டோபர் 15-ல் ஆரோஹி பண்டிட் என்ற 25 வயது பைலட், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பிபிஸ்ட்ரல் சைனஸ் என்ற இலகு ரக விமானத்தில் தனியாகக் கிளம்பினார். கராச்சி இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதால், புறப்பட்ட இடம் குஜராத்தின் புஜ். 1971 போரில் குண்டு விழுந்து சிதைந்த அங்கிருந்த ரன்வேயை, மாதாபர் கிராமத்துப் பெண்கள் சில நாள்களிலேயே சரிசெய்து கொடுத்தது தனி வரலாறு. அகமதாபாத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, ஜூஹுவில் போய் இறங்கினார் ஆரோஹி. மூன்று மாதங்கள் கழித்து, 2022 ஜனவரி 27-ம் தேதி ஏர் இந்தியாவும் டாடா வசம் திரும்பியது.

2032 அக்டோபர் 15 வந்தால், அந்த முதல் பயணத்துக்கு 100 வயது. இப்போ காலேஜில் இருக்கும் உங்களில் பலருக்கு அன்னிக்கு 28 வயசு சுமார் இருக்கும். கராச்சியில் விமானம் ஏறியபோது ஜே.ஆர்.டி-க்கு இருந்த அதே வயசு!