அன்னா பிராய்டு அம்மையார்

கை முறிந்த குழந்தைக்குக் கட்டுப் போடும் வேலையைத் தேர்ச்சியில்லாத ஒருவரிடம் ஒப்புவிக்க எந்தத் தகப்பனும் சம்மதியான். மனம் முறிந்த குழந்தையின் விஷயத்திலோ, பிரியமுள்ளவர் எவரேனும் பக்கத்திலிருந்தால் போதும், நாளடைவில் எல்லாம் சரியாய்விடும் என்று உலகம் வெகு காலம் எண்ணியிருந்தது. இந்த எண்ணத்தை மாற்றுவதற்காகத் தமது ஆயுளில் அறுபது வருஷங்களைச் செலவிட்ட ஓர் அம்மையாரின் சரித்திரத்தை இன்று நம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அன்னா பிராய்டு அம்மையார் 1895-ம் வருஷம் டிசம்பர் மாதம் 3-ந் தேதி, ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்திலே பிறந்தார். மனப் பகுப்பாய்வு என்னும் புதுச் சாஸ்திரத்தை ஸ்தாபித்த டாக்டர் ஸிக்மண்ட் பிராய்டுக்கு மக்கள் அறுவர். அவர்களில் இவரே கடைக்குட்டி. இவர் வைத்தியக் கல்வி கற்றவரல்லர். சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவருமல்லர். உபாத்தியாயினிப் பயிற்சி பெற்று, தாம் படித்த பள்ளிக்கூடத்திலேயே 1920 வரையில் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லி வந்தார். பிறகு தந்தையாரின் துறையில் இறங்கி, 1922-ல் வியன்னா மனப் பகுப்பாய்வுச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்து அங்கத்தினரானார். மறு வருஷம் தந்தையாருக்குத் தாடையிலே புற்றுநோய் கண்டது. அது முதல் 1939-ல் அவர் கண் மூடும் வரையில், மகளே தாதியாகவும் இருந்து பணிவிடை செய்தார். தமது சொந்த வேலையையும் ஒரு நாளும் விட்டாரில்லை.

வைத்தியரல்லாதார் மனச் சிகிச்சை செய்யலாமா என்ற பெரும் விவாதம் அக்காலத்தில் மூண்டது. 1926-ல் டாக்டர் பிராய்டு இதற்கென்றே ஒரு நூல் எழுதி, வேண்டுவது வைத்தியப் பட்டமன்று, தக்க பயிற்சியே என்று வாதித்தார். மகளார் அந்த வாதத்தைத் தமது வாழ்க்கையால் நிரூபித்தார் என்றே சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆரோக்கியமான குழந்தைகளோடு பழகிய அநுபவமே, நோயுற்ற குழந்தைகளை அறிவதற்கு அவருக்கு அஸ்திவாரமாயிற்று.

பெரியவர்கள் தங்கள் துயரத்தை வாய்விட்டுச் சொல்லலாம்; மூன்று வயதுக் குழந்தை எவ்வாறு சொல்லும்? அது பொம்மைகளைக் கொண்டு விளையாடுகிறது. அந்த விளையாட்டில் அதன் பயமும் கோபமும் ஆசையும் வெளிப்படுகின்றன. இந்த உண்மையைக் கைக்கொண்டு சிகிச்சை முறை வகுத்தவர்களில் மெலனி கிளைன் அம்மையார் முக்கியமானவர். பெரியவர்களுக்குப் பேச்சு எப்படியோ, குழந்தைக்கு விளையாட்டு அப்படியே என்பது அவர் கொள்கை. அன்னா அம்மையார் 1927-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். இரண்டு பொம்மை வண்டிகளைக் குழந்தை மோத விடுகிறதென்றால், அதன் உள்ளத்தில் புதைந்த ரகசியம்தான் அவ்விதம் வெளிவருகிறதென்று உடனே தீர்மானித்துவிடலாமா? முதல் நாள் தெருவிலே கண்ட விபத்தையும் அது நடித்துக் காட்டலாமல்லவா? இருவருக்குமிடையே பல வருஷங்கள் நடந்த வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஆனால், சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் நம்பி முடிவு செய்வதன் அபாயத்தை நியாயஸ்தலங்களில் கண்டிருக்கும் நமக்கு, அம்மையாரின் எச்சரிக்கை மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பொம்மைகளை எவரும் வாங்கி வைத்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எதை நம்புவது, எதை நிறுத்தி விசாரிப்பது என்ற விவேகம் வேண்டும். அந்த விவேகம் பயிற்சியினாலன்றி வாராது.

1937-ல் அவர் தம் நண்பர்களோடு சேர்ந்து, வியன்னாவின் பரம ஏழைகளுடைய சிறு குழந்தைகளுக்கென ஒரு காப்பகம் ஆரம்பித்தார். அது வெகு காலம் நிலைப்பதற்குள் ஹிட்லரின் சேனை ஆஸ்திரியாவில் புகுந்தது. 1938-ம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ந் தேதி நாஜி ரகசியப் போலீசார் அம்மையாரை விசாரணைக்குக் கொண்டு போயினர். அன்று மாலை அவர் உயிரோடு வீடு திரும்பியது பெரும் பாக்கியம். ஜூன் மாதத்தில் குடும்பத்தார் லண்டன் போய்ச் சேர்ந்தனர். வியன்னாவிலேயே தங்கிவிட்ட அத்தைமார் நால்வர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர்.

நாடிழந்து வந்தவர் துக்கத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. லண்டன் நகரம் குண்டு வீச்சினால் எரிந்துகொண்டிருந்த காலத்தில், டாரதி பர்லிங்ஹாம் என்ற அமெரிக்கத் தோழியுடன் சேர்ந்து, அமெரிக்கர் அனுப்பிய நிதியைக் கொண்டு ஹாம்ஸ்டெட் யுத்தகாலக் குழந்தை இல்லங்களை நிறுவினார். அங்கே ஊழியம் செய்தவர்கள் பெரும்பாலும் அநுபவமில்லாத இளம் பெண்கள். குழந்தை என்ன செய்தது, எப்பொழுது அழுதது, எதைக் கொண்டு விளையாடியது என்பவற்றைத் தாம் கண்டபடி சீட்டுகளில் எழுதிவைக்க அம்மையார் அவர்களைப் பழக்கினார். முறையாகப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். கொதிகலனுக்கு நெருப்பிடும் ஊழியரும் இந்த நியமத்துக்கு விலக்கல்ல. அவ்வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவரே, தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் வேதனையை 1952-ல் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார்.

அந்த இல்லத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தகப்பன் குண்டு வீச்சில் மாண்டுபோனான். தாய் சித்தம் கலங்கி ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தைகள் காகித வீடுகள் கட்டி, கோலிக் குண்டுகளை வீசித் தகர்த்து விளையாடுவார்கள். மற்றவர்களின் விளையாட்டில் ஜனங்கள் காப்பாற்றப்படுவார்கள், இடிந்த வீடும் மீண்டும் எழும்பும். இவன் விளையாட்டுக்கோ முடிவே இல்லை. திரும்பத் திரும்ப அதையே ஆடினான். அதன் பொருளை அம்மையார் அறிந்தார்: தகப்பன் இறந்ததைச் சிறுவன் மனம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அவனை அவசரப்படுத்தவில்லை. பல மாதங்கள் சென்ற பின், தகப்பன் இனி வரமாட்டான் என்று அவன் வாயாலேயே வந்தது. அதன் பிறகு அந்த விளையாட்டு நின்றது. பழக்கமில்லாத ஒருவர் இதைக் கண்டிருந்தால், முரட்டு விளையாட்டென்று அதட்டி நிறுத்தியிருப்பார்.

யுத்தம் முடிந்ததும், நாஜி முகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு அநாதைக் குழந்தைகள் இங்கிலாந்துக்கு வந்தனர். கொடுத்த பொம்மைகளையெல்லாம் முதல் நாட்களில் உடைத்தெறிந்தனர். பெரியவர்கள் எவரையும் நம்பவில்லை. தங்களுக்குள் மாத்திரம் ஒருவரை விட்டு ஒருவர் பிரிய மறுத்தனர். அம்மையாரின் மேற்பார்வையில் அவர்களைப் பொறுமையுடன் வளர்த்த வரலாறு 1951-ல் வெளியாயிற்று.

1947-ல் அவர் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைகளின் மனச் சிகிச்சையாளருக்கான பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். 1952-ல் அதனுடன் சிகிச்சைசாலையும் சேர்ந்தது. யுத்தகால இல்லங்களில் உழைத்த இளம் பெண்களிற் சிலரே முதல் மாணவிகளாயினர். பயிற்சி சுலபமானதன்று. மாணவர் முதலில் தம் மனத்தையே பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும்; தம் பால்ய காலத்துக் காயங்களை அறியாதவர், அவற்றைப் பிறர் குழந்தையின்மீது ஏற்றிப் பார்ப்பாரன்றோ? தாயின் மடியிலுள்ள சிசுவையும், பள்ளியில் விளையாடும் குழந்தையையும் நெடுநாள் பார்த்துப் பழக வேண்டும். பின்னரே மழலைப் பருவத்திலும் பள்ளிப் பருவத்திலும் வாலிபப் பருவத்திலும் உள்ள குழந்தைகளுக்கு, தேர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்ய அநுமதி கிடைக்கும். பார்த்ததையெல்லாம் எழுதி, சபையில் வைத்து, கேள்விகளுக்கு விடை சொல்லவும் வேண்டும்.

வக்கீல் தொழில் செய்வோர்க்கும் அம்மையார் ஒரு பாடம் விட்டுச் சென்றார். பெற்றோர் பிரிந்து வழக்காடும்பொழுது, குழந்தையை ஒரு சொத்தைப் போல் பாவித்து, யாருக்குப் பாத்தியதை என்று மட்டும் விசாரிப்பது நியாயஸ்தலங்களின் பழைய வழக்கம். ஏல் சர்வகலாசாலையின் சட்ட நிபுணர் ஜோஸப் கோல்ட்ஸ்டைன், டாக்டர் ஆல்பர்ட் ஸால்னிட் ஆகியோருடன் சேர்ந்து 1973-ல் அவர் வெளியிட்ட நூல், குழந்தையின் மனம் யாரைப் பெற்றோராக நம்பிப் பற்றியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்கச் சொல்லிற்று.

பட்டம் பெறாத இந்த உபாத்தியாயினியை, ஒரு காலத்தில் அவர் தப்பியோட நேர்ந்த வியன்னாவின் சர்வகலாசாலையே 1972-ல் கௌரவ டாக்டர் பட்டமளித்துப் போற்றியது. 1982-ம் வருஷம் அக்டோபர் மாதம் 9-ந் தேதி, தமது 86-வது வயதில் லண்டனில் அவர் காலமானார்.

பொதுப்பணியில் ஈடுபட்ட நம் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அநாதைக் குழந்தைகளுக்குக் கட்டடம் எழுப்புகிறோம். அன்னமும் ஆடையும் அளிக்கிறோம். பொம்மைகளும் வாங்கிக் கொடுக்கிறோம். இவையெல்லாம் புண்ணியமே. ஆனால் அக்குழந்தைகளின் பக்கத்தில் உட்காருகிறவருக்குப் பயிற்சி அளிப்பதற்கு நம் வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்? குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதும் அம்மையார் அந்தச் செலவை வீணென்று கருதவில்லை. சமாதான காலத்தில் வாழும் நாம் அதைத் தள்ளிப்போடுவதற்கு என்ன நியாயம் சொல்லப் போகிறோம்?